வேறு வழியே இல்லாத பாதைகள்

காய்கறி மண்டிச் சந்துக்குள் ஒரு லாரியைப் பின்பக்கமாக எடுத்து, திண்ணையோடு ஒட்டி நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். கிளீனர் பின்பலகையைத் தட்டிக்கொண்டே குரல் கொடுப்பார்: "வா, வா, லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி, நேராக்கு, வா." லாரி நகர வேண்டியது இடப்பக்கம் இரண்டே அடி. ஆனால் சக்கரம் பக்கவாட்டில் உருளாது. அந்த இரண்டடிக்காக ஓட்டுநர் முன்னால் போகிறார், ஒடிக்கிறார், பின்னால் வருகிறார், மறுபடி ஒடிக்கிறார். டேப்பை வைத்து அளந்தால் இரண்டடி. சக்கரம் உருண்ட தூரத்தை அளந்தால் ஐம்பது அடிகூட இருக்கலாம். லாரியைப் பொறுத்தவரை அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தூரம் எது?

சக்கரம் உருளும் தூரத்தையே தூரமாக எடுத்துக்கொண்டு கட்டப்பட்டதுதான் துணை-ரீமான் வடிவியல். சாதாரண ரீமான் வடிவியலில், ஒரு மலைச்சரிவில் நிற்பவர் எந்தத் திசையிலும் அடியெடுத்து வைக்கலாம். எந்தத் திசையில் ஓரடி எவ்வளவு நீளம் என்பதற்கு மட்டும் அங்கே விதி உண்டு. துணை-ரீமான் வடிவியலில் ஒவ்வொரு புள்ளியிலும் சில திசைகளே திறந்திருக்கும், மற்றவை அடைபட்டவை. திறந்த திசைகளில் மட்டுமே நகர்ந்து ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும். அப்படிப் போகும் பாதைகளில் மிகக் குறுகியது எது, அது எப்படிப்பட்ட கோடு என்பதே இந்தத் துறையின் மையக் கேள்வி.

முதலில் போய்ச் சேர முடியுமா என்று பார்ப்போம். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முன்னும் பின்னும் தள்ளலாம், நின்ற இடத்தில் திருப்பலாம். ஒரு மீட்டர் முன்னால் தள்ளுங்கள். இடப்பக்கம் சுமார் ஆறு பாகை திருப்புங்கள். ஒரு மீட்டர் பின்னால் இழுங்கள். திருப்பிய ஆறு பாகையை வலப்பக்கம் திருப்பிச் சரிசெய்யுங்கள். வண்டி பழையபடி அதே திசையைப் பார்த்து நிற்கும், ஆனால் வலப்பக்கம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். அடைபட்ட திசையில் நகர்ந்தாயிற்று. இப்போது தள்ளும் தூரத்தையும் திருப்பும் கோணத்தையும் பாதியாக்கிச் செய்து பாருங்கள். விலகல் 5 சென்டிமீட்டர் இருக்காது, இரண்டரைதான் இருக்கும். உழைப்பு பாதியானால் பலன் கால்வாசியாகிறது. அடைபட்ட திசையில் சிறிது நகரவும் அதன் வர்க்கமூலத்தின் அளவுக்குச் செலவழிக்க வேண்டும் என்பது இந்த வடிவியலின் அடிப்படை இயல்பு.

இப்படித் திறந்த திசைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி எல்லாத் திசைகளையும் பெற முடியுமானால், எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் போய்விடலாம் என்று சோவியத் நாட்டின் ரஷெவ்ஸ்கி 1938இலும், ஷாங்காயில் பிறந்த சௌ வெய்-லியாங் 1939இலும் தனித்தனியே நிரூபித்தார்கள். இதன் வேர் இன்னும் பழையது. 1909இல் கான்ஸ்டன்டின் கராதியோடொரி வெப்ப இயக்கவியலுக்கு அடித்தளம் அமைக்க முயன்றபோது, வெப்பப் பரிமாற்றம் இல்லாமல் எந்த நிலைகளை எட்ட முடியாது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார். சௌ அந்தக் கேள்வியை மறுபக்கமாகத் திருப்பி விரிவாக்கினார். இன்றும் இந்தத் தூரத்துக்கு கார்னோ-கராதியோடொரி தூரம் என்ற பெயர் உண்டு.

போய்ச் சேரலாம் என்றானபின் குறுகிய பாதை எது என்று கேட்கலாம். எல்லாரும் தொடங்கும் எடுத்துக்காட்டு ஹைசன்பர்க் குலம். குவாண்டம் இயக்கவியலில் வரும் பரிமாற்ற விதியே இதிலும் இருப்பதால் இந்தப் பெயர். இதை ஒரு மைதானத்தில் நடப்பதாக நினைத்துக்கொள்ளலாம். நீங்கள் நடக்க நடக்க, உங்களையும் மைதான நடுவையும் இணைக்கும் கயிறு வருடிய பரப்பளவை உங்கள் கையில் உள்ள ஒரு மீட்டர் கணக்கிடுகிறது. இடஞ்சுற்றினால் ஏறும், வலஞ்சுற்றினால் இறங்கும். மீட்டர் காட்டும் எண்தான் மூன்றாவது ஆயம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, மீட்டரில் மட்டும் 1 காட்ட வேண்டுமானால் ஒரு சதுர அலகை வளைத்துச் சுற்றிவர வேண்டும். சதுரமாக நடந்தால் 4 அலகு நடை. வட்டமாக நடந்தால் ஏறத்தாழ 3.54. அதைவிடக் குறைவாக எவராலும் முடியாது. மாட்டுத்தோலை வாராக நறுக்கி நிலத்தை வளைத்துக் கார்த்தேஜ் நகரை உண்டாக்கியதாகச் சொல்லப்படும் டைடோ அரசியின் கதையில் வருவதும் இதே கணக்குதான்.

வட்டத்தில் எங்கும் முனையோ உடைப்போ இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் வகைக்கெழு எடுக்கலாம். கணிதத்தில் இப்படிப்பட்ட கோட்டை வழுவழுப்பானது என்கிறோம். ரீமான் வடிவியலில் மிகக் குறுகிய பாதைகள் எல்லாமே இப்படித்தான். அங்கே குறுகிய பாதை ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டது. வெளி வழுவழுப்பானதாக இருந்தால் அந்தச் சமன்பாடு தன் தீர்வையும் வழுவழுப்பாக்கிவிடும். துணை-ரீமான் வடிவியலிலும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. குறுகிய பாதையில் ஓர் இடத்தில் சிறு கரடு இருந்தால் அதை இழைத்துவிட்டு நீளத்தை இன்னும் குறைக்கலாமே என்று மனம் சொல்கிறது.

1986இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்ட்ரிச்சார்ட்ஸ் இந்தத் துறைக்குப் பெயரும் வடிவமும் தந்த ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டார். குறுகிய பாதைகள் வழுவழுப்பானவை என்ற முடிவும் அதில் இருந்தது. ஆனால் நிரூபணத்தில் ஓர் ஓட்டை இருந்தது. 1989இல் அதே இதழில் அவரே திருத்தம் வெளியிட்டு, பொதுநிலையில் அந்த நிரூபணம் நிற்காது என்று ஒப்புக்கொண்டார். அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு இந்தத் துறையை ஆட்டிவைத்த கேள்வி அந்தத் திருத்தத்திலிருந்துதான் கிளம்பியது. பிழையற்ற பல கட்டுரைகளைவிட இரண்டு பக்கத் திருத்தம் ஒன்று அதிகம் பயன் தரலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஓட்டை எங்கே இருந்தது என்று பார்க்க லெவ் பொந்திரியாகினின் உச்சக் கோட்பாட்டைத் தொட்டாக வேண்டும். 1950களில் மாஸ்கோவில் உருவான இந்தக் கோட்பாடு, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஒன்றைக் குறைப்பதற்கான சமன்பாட்டைத் தருகிறது. அதில் இரண்டு சக்திகளை நிறுத்துப் பார்க்கிறோம்: ஒரு தட்டில் நீளம், மறு தட்டில் கட்டுப்பாடு. நீளத்துக்குரிய எடை பூச்சியம் இல்லாவிட்டால் எல்லாம் நல்லபடி நடக்கும்; ரீமான் வடிவியலைப் போலவே வழுவழுப்பான பாதை கிடைக்கும். இவற்றை இயல்பான பாதைகள் என்கிறோம். ஆனால் நீளத்தின் எடை பூச்சியமாகவும் இருக்கலாம் என்று கோட்பாடு இடம் தருகிறது. அப்போது கிடைக்கும் சமன்பாட்டில் நீளம் வருவதே இல்லை. எந்த அளவுகோலை வைத்து அளந்தாலும் அந்தப் பாதை அதே சமன்பாட்டுக்குக் கட்டுப்படும். இவை இயல்பிகந்த பாதைகள்; ஓட்டை இருந்தது இங்கேதான். நீளத்தையே அறியாத ஒரு சமன்பாட்டிலிருந்து பிறந்த பாதை எப்படி மிகக் குறுகியதாக இருக்க முடியும்? இருக்க முடியாது என்றே நெடுநாள் பலரும் எண்ணினார்கள்.

1994இல் ரிச்சர்ட் மான்ட்கோமரி இருக்க முடியும் என்று காட்டினார். இயல்பான சமன்பாடு எதற்கும் கட்டுப்படாத, ஆனாலும் மிகக் குறுகியதான ஒரு பாதையை அவர் கட்டிக்காட்டினார். மறு ஆண்டே வென்ஷெங் லியூவும் ஹெக்டர் சஸ்மனும் இவை அரிய விதிவிலக்குகள் அல்ல, இரண்டு திசைகள் திறந்த வெளிகளில் வெகுவாகக் காணப்படுபவை என்று ஒரு நூலளவு ஆய்வில் நிறுவினார்கள். ஆனால் அவர்கள் கண்டவையும் வழுவழுப்பான பாதைகளே.

இயல்பிகந்த பாதை ஏன் குறுகியதாகிறது என்பதற்கு மைதானத்துக்கே திரும்பிப் போவோம். கையிலுள்ள மீட்டரை மட்டும் மாற்றிவிடுவோம். தரையில் ஒரு கோடு வரைந்திருக்கிறது. கோட்டின் மேல் நடந்தால் மீட்டர் ஓடாது. கோட்டை விட்டு எந்தப் பக்கம் விலகியிருந்தாலும், வடக்கே நகர நகர மீட்டர் ஏறும். தெற்கே நகர்ந்தால் இறங்கும். எவ்வளவு விலகியிருக்கிறோமோ அதன் இருமடிக்கேற்ப வேகம் கூடும். நேர் கிழக்கிலோ மேற்கிலோ நகர்ந்தால் அசையாது. கோட்டின் ஒரு முனையில் மீட்டர் பூச்சியத்தோடு புறப்படுகிறீர்கள். மறுமுனையில் மீட்டர் பூச்சியத்தோடு போய்ச் சேர வேண்டும்.

கோடு வளைந்து வளைந்து வடக்கே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவைக் குறுக்கே வெட்டி நடக்க ஆசை வரும். வெட்டினால் நடை குறையும், ஆனால் மீட்டர் ஏறிவிடும். ஏறிய மீட்டரை இறக்க எங்கேயாவது கொஞ்சம் தெற்கே திரும்பி நடந்தாக வேண்டும். தெற்கே ஒருபோதும் திரும்பாமல் நடப்பவருக்கு அந்தக் கோட்டைத் தவிர வேறு வழியே கிடையாது. கோடு நேர்கோடா வளைகோடா, நீளம் அதிகமா குறைவா என்பதெல்லாம் இங்கே இரண்டாம்பட்சம். போட்டிக்கு ஆள் இல்லாததால்தான் இந்தப் பாதை குறுகியதாகிறது. சமன்பாட்டில் நீளம் வராததன் பொருளும் இதுவே. தெற்கே திரும்புபவர்கள் மட்டுமே போட்டியாளர்கள். திரும்பும் செலவு, குறுக்கே வெட்டியதால் கிடைத்த ஆதாயத்தைவிட அதிகமாக இருக்கும்வரை கோடே வெல்லும்.

இப்போது கேள்வி கூர்மையாகிறது. தரையில் வரையும் கோட்டை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றால், வழுவழுப்பு இல்லாத கோட்டை வரைந்துவிட்டால் என்ன?

சட்டென்று நினைவுக்கு வருவது முனை, அதாவது கோடு ஓரிடத்தில் சரேலென்று ஒடிந்து திரும்புவது. அது நடக்காது என்று பின்லாந்தின் ஈரோ ஹகவூரியும் இத்தாலியரான என்ரிகோ லெ டோனேவும் 2016இல் நிரூபித்தார்கள். முனை உள்ள பாதையை எப்போதுமே வெட்டிக் குறைக்கலாம். எவ்வளவு சிக்கலான கட்டுப்பாடாக இருந்தாலும் மீட்டர்களைச் சரிக்கட்டும் செலவு ஆதாயத்தைவிடக் குறைவாகவே இருக்கும். அதற்கு முன்பே சஸ்மன், பகுப்பாய்வுச் சார்புகளால் (அடுக்குத் தொடராக விரிக்கக்கூடிய சார்புகளால்) அமைந்த வெளிகளில் குறுகிய பாதையின் எந்தச் சிறு துண்டை எடுத்தாலும் அதற்குள் வழுவழுப்பான பகுதி ஒன்று இருக்கும் என்று காட்டியிருந்தார். கரடு இருந்தால் அது எந்தத் துண்டையும் முழுதாக நிரப்ப முடியாது, இடையிடையேதான் ஒளிந்திருக்க முடியும்.

2025 தொடக்கத்தில் அந்தக் கரடு கிடைத்தது. யாசின் ஷிட்டூர், ஃப்ரெடெரிக் ஜான், ராபர்ட்டோ மோன்ட்டி, லுடோவிக் ரிஃபோர், லுடோவிக் சாக்கெல்லி, மாரியோ சிகலோட்டி, அலெஸ்சாந்த்ரோ சோச்சோனோவோ ஆகிய ஏழு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை, வெறும் பல்லுறுப்புக்கோவையால் எழுதக்கூடிய ஒரு முப்பரிமாண வெளியில், இரண்டு முறை தொடர்ச்சியாக வகைக்கெழு எடுக்கத்தக்க, மூன்றாம் முறை எடுக்க முடியாத ஒரு மிகக் குறுகிய பாதையைக் காட்டியது. ஸ்ட்ரிச்சார்ட்ஸின் முடிவை இனி எந்த நிரூபணத்தாலும் மீட்க முடியாது.

எடுத்துக்காட்டு நம் மைதானத்திலேயே இருக்கிறது. புறப்படும் இடத்திலிருந்து கிழக்கே போன தூரத்தின் இருமடி, வடக்கே போன தூரத்தின் ஐந்தாம் அடுக்குக்குச் சமமாக இருக்கும் புள்ளிகளைக் கோடாக வரையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் இருமடியே மீட்டரின் வேகம். அதாவது கோட்டில் கிழக்குத் தூரம், வடக்குத் தூரத்தின் இரண்டரை அடுக்கு. ஒரு முறை வகைக்கெழு எடுத்தால் ஒன்றரை அடுக்கு. இன்னொரு முறை எடுத்தால் அரை அடுக்கு, அதாவது வர்க்கமூலம். இதுவரை புறப்படும் புள்ளியில் எல்லாம் பூச்சியமாகி அடங்கிவிடுகின்றன. மூன்றாம் முறை எடுத்தால் வர்க்கமூலம் பகுதிக்குப் போய்விடும். புறப்படும் புள்ளியை நெருங்க நெருங்க மதிப்பு எல்லையின்றிப் பெருகும். கண்ணால் பார்த்தால் இதில் எந்தக் கரடும் தெரியாது, விரலால் தடவினாலும் தெரியாது.

ஏன் ஐந்தாம் அடுக்கு? மூன்று போதாதா? மூன்று என்றால் கோடு இன்னும் கரடாக இருக்குமே? என்னை இந்தக் கட்டுரை எழுதவைத்ததே இந்தக் கேள்விதான். நிரூபணத்துக்குப் போகாமல் ஒரு தோராயக் கணக்கிலேயே விடை தெரிந்துவிடுகிறது. மாறாத பெருக்கெண்களை எல்லாம் விட்டுவிட்டு, சிறு அளவுகளின் தரத்தை மட்டும் பார்ப்போம்.

முதலில் மூன்றாம் அடுக்கு. தொடக்கத்தில் வடக்கே 0.01 அலகு வரை உள்ள துண்டைக் கோட்டின் வழி போகாமல் நேராக வெட்டுகிறோம். ஆதாயம் 0.01இன் இருமடி, அதாவது லட்சத்தில் பத்துப் பங்கு. மீட்டர் ஏறுவது 0.01இன் ஏழாம் அடுக்கு. மிக மிகச் சிறியது. அதை இறக்க, கோட்டின் தொலைவான நல்ல பகுதிக்குப் போய், பக்கவாட்டில் சிறிது விலகி, அதே அளவு தெற்கே நடந்து, கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அப்படிச் செய்தால் மீட்டர் இறங்குவது அந்தச் சிறு அளவின் மும்மடி. ஆகவே செலவு, ஏறிய மீட்டரின் கனமூலம்: லட்சத்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். ஆதாயம் பத்து, செலவு இரண்டு. வெட்டுபவர் வென்றுவிடுகிறார். கோடு குறுகிய பாதை ஆகாது.

ஐந்தாம் அடுக்குக்கு அதே கணக்கைப் போடுங்கள். இப்போது கோடு தொடக்கத்தில் வடக்கை மிக நெருக்கமாக ஒட்டிப் போவதால், வெட்டினால் கிடைக்கும் ஆதாயம் 0.01இன் நான்காம் அடுக்குதான்: பத்துக் கோடியில் ஒரு பங்கு. மீட்டர் ஏறுவது பதினோராம் அடுக்கு. அதன் கனமூலம் பத்துக் கோடியில் நாலரைப் பங்குக்குச் சற்று மேல். ஆதாயம் ஒன்று, செலவு நாலரை. வெட்டுபவர் தோற்கிறார். துண்டை இன்னும் சிறிதாக்கினால் நிலைமை அவருக்கு இன்னும் மோசமாகும், 0.01க்குப் பதிலாகப் பத்து லட்சத்தில் ஒரு பங்கை வெட்டினால் செலவு ஆதாயத்தைப் போல நூறு மடங்கு. தராசு சமன்படும் இடம் நான்காம் அடுக்கு. அதற்குக் கீழே வெட்டு வெல்கிறது, மேலே கோடு வெல்கிறது. நான்குக்கு மேலே உள்ள முதல் ஒற்றைப்படை எண் ஐந்து. ஒற்றைப்படையாக இருந்தால்தான் வர்க்கமூலம் எடுக்கும்போது அரை மிஞ்சும். அந்த அரைதான் வழுவழுப்பைக் கெடுப்பது.

ஒரே ஒரு வகைப் போட்டியாளரை மட்டுமே நாம் இங்கே சோதித்தோம். திறந்த திசைகளில் போகும் எல்லாப் பாதைகளையும் ஒருசேர எதிர்கொண்டு, எதுவும் கோட்டை வெல்லாது என்று காட்டுவதுதான் நிரூபணம். அங்கேதான் ஏழு பேரின் உழைப்பும் இருக்கிறது. ஆனால் இரண்டுமுறை எடுக்கலாம், மூன்றுமுறை எடுக்க முடியாது என்ற அந்த எல்லை எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்தப் பத்துக் கோடிக் கணக்கே போதும் என்று நினைக்கிறேன். ஹைசன்பர்க் வட்டத்தில் நீளமும் பரப்பளவும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துச் சமன்செய்தன. இங்கே கோட்டின் வடிவத்தில் நீளத்துக்குப் பங்கே இல்லை; கட்டுப்பாடு எந்த வடிவத்தைத் தந்ததோ, கரடையும் சேர்த்து, அந்த வடிவத்திலேயே பாதை நிற்கிறது.

இதனால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. பகுப்பாய்வுச் சார்புகளால் அமைந்த முப்பரிமாண வெளிகளில் குறுகிய பாதைகளுக்குத் தொடுகோடு தொடர்ச்சியாகவே மாறும் என்று ஆந்த்ரே பெலோட்டோ ட சில்வா, அலெஸ்சியோ ஃபிகாலி, ஆடம் பருசின்ஸ்கி, லுடோவிக் ரிஃபோர் ஆகியோர் நிறுவியிருக்கிறார்கள். இவர்களில் ஃபிகாலி 2018இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர். அதற்கு மேற்பட்ட பரிமாணங்களில் அவ்வளவுகூடத் தெரியாது. மோன்ட்டி, அலெஸ்சாந்த்ரோ பிகாட்டி, டேவிடே விட்டோனே மூவரும் 2018இல் காட்டியது இது: பாதையின் உட்புள்ளி ஒன்றை உருப்பெருக்கியால் பெரிதாக்கிக்கொண்டே போனால், தகுந்த அளவுகளில் அது ஒரு நேர்கோடாகத் தெரியும். ஆனால் வேறு அளவுகளில் பெரிதாக்கினால் வேறொரு கோடு தெரியக்கூடுமா என்பதற்கு விடை இல்லை. அதாவது முனை கிடையாது என்று உறுதியாகத் தெரிந்தும், எல்லா இடத்திலும் தொடுகோடு உண்டு என்று பொதுவாகச் சொல்ல முடியவில்லை. வடக்கிலிருந்து மெல்ல மெல்ல, ஆனால் ஓயாமல், திரும்பிக்கொண்டே சுருளும் ஒரு பாதை குறுகியதாக இருக்குமா என்று கேட்டால், பொதுநிலையில் இன்னும் பதில் கிடையாது.

கணிதத்தில் இன்னும் விடை தெரியாத கேள்விகளின் அருகே செல்லப் பெரும்பாலும் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். இந்தக் கேள்வியின் வாசல்வரை வர ஒரு பென்சில் போதும். வடக்குத் தூரத்தின் ஏழாம் அடுக்கை வைத்து மேலே போட்ட கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆதாயம் ஆறாம் அடுக்கு என்றும், மீட்டர் ஏறுவது பதினைந்தாம் அடுக்கு என்றும், ஆகவே செலவு ஐந்தாம் அடுக்கு என்றும் வரும்.